ஒரு வரி மாற்றினேன், கோப்பே சிவந்துவிட்டது: நிரல் நடைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

யாழ்ப்பாணத்தில் ஆறு பேர் இருந்து வேலை செய்யும் சிறிய மென்பொருள் அறை எங்களுடையது. மருந்துக்கடை, பலசரக்குக் கடை, மொத்த வியாபாரக் களஞ்சியம் என்று கணக்குப் பார்க்கும் இடங்களுக்கு நிரல் எழுதுகிறோம். பெரும்பாலும் பைதனும் ஜாவாஸ்கிரிப்டும், கொஞ்சம் கோ. வருடத்துக்கு இரண்டு மூன்று பயிலுநர்கள் வருவார்கள். முதல் மாதத்தில் அவர்கள் கொண்டுவரும் வழுக்களில் பாதிக்கு மேல் தர்க்கத்தில் இருக்காது. இடைவெளி, பெயர், அடைப்புக்குறி, வரி முறிப்பு என்று நடையில்தான் இருக்கும். நடை விதியை மீறியதால் உடைந்ததும் உண்டு, விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியதால் உடைந்ததும் உண்டு. ஒவ்வொரு வருடமும் வாயால் சொல்லிக் களைத்துப்போய் இப்போது எழுதி வைக்கிறேன். கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வி: இந்த விதியை மீறினால் யார் முறைப்பாடு செய்வார்? மொழியே செய்யும் என்றால் பேச்சுக்கு இடமில்லை. கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைப்பது) போன்ற கருவி செய்யும் என்றால், குழுவாக ஒருமுறை முடிவெடுத்துக் கருவியிடமே விட்டுவிடலாம். வாசிக்கிற மனிதர்தான் செய்வார் என்றால் அங்கேதான் யோசிக்க வேண்டும். அப்போது பக்கத்து வரிகளின் வழக்கம் வழிகாட்டிப் புத்தகத்தை வெல்லும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பைதனின் நடை வழிகாட்டியான பெப் 8, 2001இல் கீடோ வான் ரோசம் உள்ளிட்டோர் எழுதியது, இதைத் தொடக்கத்திலேயே சொல்கிறது: வழிகாட்டியோடு ஒத்துப்போவதைவிடத் திட்டத்துக்குள் ஒத்துப்போவது முக்கியம், அதைவிட ஒரே மாட்யூலுக்குள் ஒத்துப்போவது முக்கியம். எடிட்டரின் மஞ்சள் கோடுகள் வழியாக மட்டும் பெப் 8ஐ அறிந்தவர்கள் அந்தப் பகுதியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அறிகுறி: மாற்றியது ஒரு வரி, டிஃப் முழுக் கோப்பையும் காட்டுகிறது

"அண்ணா, நான் விலை வரி ஒண்டுதான் மாத்தினனான், இது 640 வரி காட்டுது." ஆகக் கூடுதலாக வருவது இதுதான். டிஃப் என்பது பழைய கோப்புக்கும் புதியதுக்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியல். கொமிட் செய்யாமல், அதாவது கிட்டில் பதியாமல், அப்படியே நில்லுங்கள்.

கிட் டிஃப் கட்டளையோடு -டபிள்யூ சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள். அது வெற்றிடங்களைக் கணக்கில் எடுக்காது. இப்போது உங்கள் ஒரு வரி மட்டும் மிஞ்சினால், சிக்கல் வரிமுடிவில் அல்லது உள்தள்ளலில் இருக்கிறது. விண்டோஸ் வரி முடிவில் இரண்டு எழுத்து வைக்கும், லினக்ஸ் ஒன்று வைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளைக்கு --இஓஎல் கொடுத்தால், கிட்டுக்குள் இருப்பது எது, உங்கள் மடிக்கணினியில் இருப்பது எது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

-டபிள்யூ போட்டும் நூற்றுக்கணக்கான வரி மிஞ்சுகிறதா? அப்போது ஃபார்மட்டர் உங்களைக் கேட்காமல் வேலை செய்திருக்கிறது. சேமிக்கும்போது தானாக ஒழுங்குபடுத்தும் வசதி உங்கள் எடிட்டரில் திறந்திருக்கும். ஒற்றை மேற்கோள் இரட்டையாகியிருக்கும், நீண்ட வரிகள் மடிந்திருக்கும்.

தீர்வு அலங்காரமானது இல்லை. உங்கள் ஒரு வரியைத் தனியாக எங்காவது ஒட்டி வையுங்கள். கோப்பைப் பழைய நிலைக்கு மீட்டெடுங்கள். அந்தத் திட்டக் கோப்புறைக்கு மட்டும் தானியங்கி ஒழுங்குபடுத்தலை நிறுத்துங்கள். வரியை மீண்டும் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் அனுப்பினால் மதிப்பாய்வு செய்கிறவர் 640 வரிக்குள் உங்கள் விலை மாற்றத்தைத் தேட வேண்டும். தேட மாட்டார், "சரி" போட்டு விடுவார். வழு உள்ளே போவது அப்படித்தான்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் .கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் வரிமுடிவை ஒருமுறை அறிவித்து, கிட் ஆட் --ரீநார்மலைஸ் ஓட்டி, அதைத் தனி கொமிட்டாகப் போடுங்கள். அந்த கொமிட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. இந்த ஒரு விடயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: நடை மாற்றமும் நடத்தை மாற்றமும் ஒரே கொமிட்டில் வந்தால் வாசிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

அறிகுறி: என் கணினியில் ஓடுகிறது, சேவையகத்தில் "மாட்யூல் கிடைக்கவில்லை"

கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருப்பீர்கள், அதை அழைக்கும் இம்போர்ட் வரியில் சின்ன எழுத்து. விண்டோஸ் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், மேக்கும் பெரும்பாலும் அப்படியே. லினக்ஸ் பார்க்காது. கோப்புப் பெயரைத் திருத்தினாலும் கிட் மாற்றத்தைக் கவனிக்காமல் இருக்கலாம், ஏனென்றால் விண்டோஸில் எழுத்தளவு வேறுபாட்டை அது புறக்கணிக்கும்படி அமைத்திருக்கும். கிட் எம்வி கட்டளையால் முதலில் வேறொரு தற்காலிகப் பெயருக்கு மாற்றி, பிறகு சரியான பெயருக்கு மாற்றுங்கள். இரண்டு படி எடுத்தாலும் ஏமாற்றாது.

கோப்புப் பெயர் எல்லாம் சின்ன எழுத்து என்ற வழக்கம் வெறும் அழகுக்கானது என்று நினைத்திருந்தால், இந்த ஒரு இரவுக்குப் பிறகு அப்படி நினைக்க மாட்டீர்கள். எங்களுக்கு அந்த இரவு ஒரு கார்த்திகை மாத மழையில் வந்தது, இடையில் கரண்டும் போனது.

அறிகுறி: இடைவெளியை மட்டும் தொட்டேன், நிரலின் போக்கே மாறிவிட்டது

மொழி முறைப்பாடு செய்யும் வகை இது. பைதன் 3இல் டேபையும் ஸ்பேஸையும் கலந்து உள்தள்ளினால், நிலை தெளிவாகத் தெரியாத இடத்தில் டேப்எரர் என்று நின்றுவிடும். எடிட்டரில் வெற்றிடக் குறிகளைக் காட்டச் சொல்லி, எல்லாவற்றையும் ஸ்பேஸாக்குங்கள். முடிந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் அதைவிட மோசம், நிற்காது. ரிட்டர்ன் என்று எழுதி, திறக்கும் நெளிவு அடைப்பைக் கீழ் வரியில் வைத்தால், ரிட்டர்னுக்குப் பின்னால் மொழியே ஓர் அரைப்புள்ளியைப் போட்டுக்கொள்ளும். உங்கள் ஃபங்ஷன் 'அன்டிஃபைன்ட்' தரும். சி ஷார்ப்பில் பழகியவர்களுக்கு அடைப்பைக் கீழே வைப்பது கைப்பழக்கம், அங்கே அதுதான் வழக்கமான நடை. கோ மொழியில் ஃபங்ஷனின் அடைப்பைக் கீழே வைத்தால் கொம்பைலரே ஏற்காது. ஆக, ஒரு மொழியில் ரசனையாக இருப்பது இன்னொன்றில் இலக்கணம். கோ மொழியில் பெயரின் முதல் எழுத்தும் அப்படித்தான்: பெரிய எழுத்து என்றால் பொதிக்கு வெளியே தெரியும், சின்ன எழுத்து என்றால் தெரியாது. அழகுக்காக மாற்ற முடியாது.

அறிகுறி: லிண்டர் சொன்னபடி திருத்தினேன், அறிக்கை காலியாக வருகிறது

லிண்டர் என்பது நிரலை ஓட்டாமலே வாசித்து எச்சரிக்கை தரும் கருவி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல பிள்ளைகள்தான் இதில் மாட்டுவார்கள்.

ஒரு பயிலுநர் தங்கச்சி, வந்து இரண்டாம் கிழமை, பழைய அறிக்கைக் கோப்பு ஒன்றில் இருந்த எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நீக்கினார். 300க்கு மேல் இருந்தன. மறுநாள் காலை, ரத்தாகாத பில்களின் பட்டியல் வெறுமையாக வந்தது. பிழைச் செய்தி ஏதுமில்லை. கடைக்காரர் தொலைபேசியில் கேட்டது: "தம்பி, நேற்று யாவாரமே நடக்கேல்லையா?"

நடந்தது இதுதான். "நன் (பைதனில் 'எதுவும் இல்லை' என்பதன் குறி) என்ற மதிப்போடு ஒப்பிடும்போது இரட்டைச் சமக்குறி போடாதே, இஸ் என்று எழுது" என்பது பெப் 8இன் விதி, லிண்டரில் அதன் எண் ஈ711. நல்ல விதிதான். ஆனால் எஸ்கியூஎல்ஆல்கெமி என்ற தரவுத்தள நூலகத்தில் ஓர் அட்டவணைப் பத்தியை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், அது உடனே ஒப்பிடாது. தரவுத்தளத்துக்கு அனுப்ப வேண்டிய வினவலின் ஒரு துண்டை உருவாக்கித் தரும். 'இஸ்' என்ற சொல்லைப் பைதனில் எந்த நூலகமும் தன் விருப்பப்படி மாற்றி வரையறுக்க முடியாது. ஆகவே "இந்தப் பத்திப் பொருள் நன் தானா?" என்று பைதனே அந்த இடத்திலேயே பார்த்து, "இல்லை" என்று பதில் சொல்லிவிடும். வடிகட்டிக்குப் போய்ச் சேர்வது 'ஃபால்ஸ்'. ஒரு வரிசையும் தேறாது.

தீர்வு, பத்தியின் மேல் இருக்கும் 'இஸ் அண்டர்ஸ்கோர்' முறையை அழைப்பது. வினவலும் சரியாக வரும், லிண்டரும் பேசாமல் இருக்கும். ரஃப் என்ற லிண்டர் இந்தத் தானியங்கித் திருத்தத்தைப் பாதுகாப்பற்றது என்றே குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பை நாம்தான் வாசிப்பதில்லை.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு. ஒன்று, பயன்படாத இம்போர்ட்டை நீக்குவது. சில இம்போர்ட்டுகள் பெயரைப் பயன்படுத்துவதற்காக இருப்பதில்லை, ஏற்றும்போதே ஏதோ ஒன்றைப் பதிவு செய்வதற்காக இருக்கும். ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தின் சிக்னல் கோப்புகள் அப்படி. நீக்கினால் பிழை வராது, வேலை மட்டும் நடக்காது. இரண்டு, பைதனின் சோதனை நூலகமான யூனிட்டெஸ்டின் 'செட்அப்' முறை ஒட்டக நடையில் (சொற்களை ஒட்டி, அடுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது) இருக்கிறதென்று இடையில் கீழ்க்கோடு போட்டு 'அழகாக்குவது'. அந்தப் பெயரை நூலகம் தேடிக்கொண்டு வரும், மாற்றினால் அழைக்காது. பைதனின் சொந்த நூலகத்திலேயே லாகிங், யூனிட்டெஸ்ட் போன்றவை பெப் 8இன் பெயர் விதிக்கு வெளியே நிற்கின்றன. அவற்றை நம்பி உலகம் முழுக்க நிரல் ஓடும்போது யாரும் திருத்தப் போவதில்லை.

சரி, 300 எச்சரிக்கை உள்ள கோப்பை என்ன செய்வது? முதலில் எஃப் என்று தொடங்கும் எண்களை மட்டும் பாருங்கள். வரையறுக்காத பெயர் போன்ற உண்மையான வழுக்கள் அங்கேதான் இருக்கும். அவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்துத் திருத்துங்கள். ஈ, டபிள்யூ என்று தொடங்குவனவற்றை, அந்த வரியை வேறு காரணத்துக்காகத் தொடும் நாள் வரை விட்டு வையுங்கள். எட்டு வருடமாக ஓடும் கோப்புக்கு வடிவு பார்க்க அவசரமில்லை.

அறிகுறி: ஒரே ஊர் அறிக்கையில் இரண்டு வரிசையாக வருகிறது

வட்டுக்கோட்டை. எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் எழுதினால் 'ட்ட' வரும் இடத்தில் (சிக்கு அடுத்த எழுத்தான) டி இரண்டு போடுவார்கள், ஊரின் ஆங்கிலப் பெயரும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையை எழுதும்போது அதே 'ட்ட'வுக்கு (எஸ்ஸுக்கு அடுத்த எழுத்தான) ரி இரண்டு. இணையத்தில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்த்துப் படித்த ஒருவரும், அப்பாவின் முகவரியைப் பார்த்துப் படித்த ஒருவரும் ஒரே அட்டவணையை நிரப்பினால், வட்டுக்கோட்டை விற்பனை இரண்டாகப் பிரியும். பருத்தித்துறை இன்னும் கஷ்டம். ஒருவர் தமிழ் ஒலியில் எழுதுவார், மற்றவர் பொயின்ட் பீட்ரோ என்பார். இரண்டு மாறிகள், இரண்டு கிளைகள், ஒரே கடல்.

பெயர் விதி வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த இடத்தில் வேண்டும் என்பதில்தான் கவனம். ஊர்ப் பெயரை நிரலுக்குள் எழுதவே கூடாது, குறியீட்டு எண் வைத்து ஒரே அட்டவணையில் இருந்து எடுக்க வேண்டும். அந்த அட்டவணையில் அரசாங்க ஆவணங்களில் உள்ள எழுத்துக்கூட்டலை வையுங்கள், உங்கள் காதுக்குச் சரியாகப் படுவதை வைக்காதீர்கள்.

தமிழில் சேமித்தால் தப்பலாம் என்று நினைத்தோம். அப்புறம் கொக்குவில் வந்தது. தேடினால் பாதி வாடிக்கையாளர்கள்தான் வந்தார்கள், திரையில் எல்லாம் ஒரே கொக்குவில். யூனிகோடில் 'கொ'வை இரண்டு வகையாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஒப்பிட்டால் சமமில்லை. பைதனின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனை, என்எஃப்சி என்ற வடிவத்தோடு, தரவு உள்ளே வரும் வாசலில் ஒருமுறை ஓட்டுங்கள். ஏற்கெனவே சேமித்ததையும் ஒருமுறை. தமிழ்த் தரவைத் தொடுகிற திட்டங்களில் இந்த ஒன்றை மட்டும் நான் முதல் நாளே கட்டாயமாக்குவேன். ஸ்பேஸா டேபா என்பதை அடுத்த கிழமை பார்க்கலாம்.

பெயர்களில் இன்னொரு எல்லைத் தகராறு: தரவுத்தளமும் முன்பக்கமும். போஸ்ட்கிரஸில் மேற்கோள் இல்லாமல் ஒட்டக நடையில் பத்திப் பெயர் கொடுத்தால், அது எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிச் சேமிக்கும். பிறகு ஒரு நூலகம் மேற்கோளோடு கேட்கும்போது "அப்படி ஒரு பத்தி இல்லை" என்று வரும். தரவுத்தளத்தில் கீழ்க்கோட்டு நடை, ஜாவாஸ்கிரிப்டில் ஒட்டக நடை, மாற்றுவது எல்லையில் ஒரே ஓர் இடத்தில். ஒவ்வொரு ஃபங்ஷனும் தானே மாற்றிக்கொள்ளத் தொடங்கினால் எது எங்கே மாறுகிறது என்று பிறகு பிடிக்க முடியாது.

"பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்" என்பது எங்கள் விதி, அதை நாங்களே தெரிந்துகொண்டு மீறியிருக்கிறோம். கடன் கொப்பி என்று கடைக்காரர் சொல்வதை 'கிரெடிட்' என்று எழுதியபோது, கணக்கியல் படித்தவர் அதைப் பேரேட்டின் கிரெடிட் பக்கம் என்று எடுத்துக்கொண்டார். இப்போது அந்த மாறியின் பெயர் கடன் கொப்பியேதான், ஆங்கில எழுத்தில். சீட்டும் அப்படியே. 'சிட்' என்றால் ஒரு துண்டுக் கடதாசி, 'டிக்கெட்' என்றால் பஸ். சீட்டுப் பிடிக்கிறவருக்கு இரண்டும் ஆகாது.

அறிகுறி: தமிழ்ச் செய்தி உள்ள வரிகள் மட்டும் "வரி நீளம்" என்று அழுகின்றன

பைகோட்ஸ்டைல் என்ற லிண்டர் எண்ணுவது நம் எழுத்துகளை இல்லை, யூனிகோட் குறிகளை. யாழ்ப்பாணம் என்ற சொல்லில் நமக்கு 6 எழுத்து, அதற்கு 11. பெப் 8 தரும் 79 இடம் தமிழ் வாக்கியத்துக்குப் பாதி வழியில் முடிந்துவிடும்.

இதற்காகச் செய்தியை இரண்டாக வெட்டி ஒட்டாதீர்கள். ஒட்டும் இடத்தில் இடைவெளி விடுபடும், "மீண்டும்முயற்சிக்கவும்" என்று திரையில் வரும். வாடிக்கையாளர் திரையில் கண்ட செய்தியைச் சொல்லும்போது, நிரலில் தேடினால் அகப்படாது. லினக்ஸ் கர்னலின் நடை வழிகாட்டி 80 பத்தியை விரும்புவது, ஆனால் பயனர் காணும் செய்திகளை உடைக்காதே என்று அதுவும் இதே காரணத்துக்காகச் சொல்கிறது. அந்த வரிக்கு மட்டும் லிண்டரை விலக்கச் சொல்லும் 'நோக்யூஏ' குறிப்பைப் போட்டு, காரணத்தை நாலு சொல்லில் எழுதுங்கள். அதைவிட நல்லது, செய்திகளைத் தனி மொழிபெயர்ப்புக் கோப்புக்குக் கொண்டுபோவது.

80 என்ற எண்ணை ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையின் 80 பத்திகளோடு தொடர்புபடுத்துவார்கள். பைதனின் பிளாக் ஃபார்மட்டர் 88 என்கிறது. எந்த எண்ணாக இருந்தாலும் தமிழை மனதில் வைத்து யாரும் எண்ணவில்லை.

அறிகுறி: கண்ணுக்கு உள்ளே இருக்கும் வரி, வெளியே ஓடுகிறது

சி, ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றில் இஃப்புக்கு அடைப்பு போடாமல் விட்டால், அடுத்த ஒரு கூற்று மட்டுமே அதற்குச் சொந்தம். இரண்டாவது வரியை எவ்வளவு உள்தள்ளினாலும் அது எப்போதும் ஓடும். 2014இல் தெரியவந்த ஆப்பிள் வழு ஒன்றில், பாதுகாப்பு இணைப்பு நிரலில் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு தடவை வந்து, இரண்டாவது எப்போதும் ஓடி, கையொப்பச் சோதனையைத் தாண்டிப் போனது. ஒரு வரி இஃப்புக்கும் அடைப்பு போடுங்கள். சியில் எழுதுகிறவர்கள் ஜிசிசி கொம்பைலரின் -வால் எச்சரிக்கைகளைத் திறந்து வையுங்கள், 6ஆம் பதிப்பிலிருந்து ஏமாற்றும் உள்தள்ளலை அது காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: கிட் பிளேம் எல்லா வரிக்கும் ஒரே ஆளின் பெயரைச் சொல்கிறது

ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று சொல்லும் கட்டளை அது. யாரோ முழுத் திட்டத்தையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்தியிருக்கிறார். எங்கள் திட்டத்தில் அந்த ஆள் நான். அந்த கொமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, பிளேம் கட்டளைக்கு --இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல் என்று கொடுங்கள். கிட் 2.23இலிருந்து இந்த வசதி உண்டு. அது தனி கொமிட்டாக இருந்திருந்தால்தான் இந்த வழி திறக்கும்.

அறிகுறி: மதிப்பாய்வில் 40 கருத்து, எல்லாம் காற்புள்ளி பற்றியது

கருவியிடம் விடுங்கள். கோவுக்கு கோஃபம்ட், பைதனுக்கு பிளாக் அல்லது ரஃப், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரெட்டியர். கோஃபம்ட் டேபால் உள்தள்ளும், எனக்கு அது பிடிக்காது, அதைப் பற்றிப் பேசி ஒரு நிமிடமும் செலவழித்ததில்லை. கருவி ஓடாத பழைய கோப்பில் கருத்து வேறுபாடு வந்தால், அந்தக் கோப்பிலேயே எண்ணிப் பார்க்கிறோம். போன கிழமை ஒற்றை மேற்கோளா இரட்டையா என்று இரண்டு பேர் தேத்தண்ணி ஆறும் வரை கதைத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணினோம். ஒற்றை 61 இடம், இரட்டை 4. அந்த நாலில் மூன்றை எழுதியவர், இரட்டைக்காக வாதாடியவர்தான்.